ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் கார் இழுக்கவில்லையா? பெடலை மாற்றும் முன் இதைப் படியுங்கள்!

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வேலூரைத் தாண்டி ஆம்பூர் போகும் வழியில் இருக்கிறது பள்ளிகொண்டா. பாலாற்றங்கரையில் உத்திர ரங்கநாதர் சயனக் கோலத்தில் பள்ளிகொண்டிருக்கும் ஊர். கார் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது சுங்கச்சாவடி. பெருமாள் பள்ளிகொள்வது நல்லதுதான். சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கார் பள்ளிகொண்டால்?

ஃபாஸ்டேக் பீப் அடிக்கிறது, தடுப்பு மேலே போகிறது. முதல் கியர், இரண்டாவது கியர். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கார் முனகுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை. டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் லைட் எரிகிறது. பின்னால் தோல் சரக்கு ஏற்றிய கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி நெருங்குகிறது. காருக்குள் குழந்தைகள், பெரியவர்கள். ஆம்பூர் பிரியாணி திட்டமெல்லாம் ஒரே நொடியில் மறந்துபோகும்.

மெக்கானிக்குகள் இதை 'லிம்ப் மோடு' என்பார்கள். கார் நொண்டியடித்து ஓரமாகப் போகும் அளவுக்கு மட்டும் சக்தி கிடைக்கும். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் முக்கியமான ஒன்று, ஆக்சிலரேட்டர் பெடலில் இருக்கும் சென்சார் கோளாறு. 'பெடல் போயிடுச்சு, மாத்திடலாம்' என்று சில ஆயிரங்களைச் செலவு செய்த பிறகும், ஒரே வாரத்தில் அதே லைட் திரும்ப எரிவது பல குடும்பங்களின் அனுபவம். காரணம், பழுது பெடலில் இல்லாமல் அதற்குப் போகும் வயரிலோ கப்ளரிலோ இருந்திருக்கும்.

கேபிள் போய் சென்சார் வந்தது

அம்பாசடர், பிரீமியர் பத்மினி, மாருதி 800 காலத்தில் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு கம்பி கேபிள் இருக்கும். மிதித்தால் கேபிள் இழுக்கும், காற்று வரும் கதவு திறக்கும். கேபிள் அறுந்தாலோ சிக்கினாலோ கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இன்றைய கார்களில் அந்தக் கேபிள் இல்லை. பெடலின் மேல்பகுதியில் சென்சார் இருக்கிறது. கால் எவ்வளவு ஆழம் அழுத்துகிறது என்பதை அது வோல்டேஜாக மாற்றி, ஈசியூ எனும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. பெட்ரோல் கார் என்றால், ஈசியூ ஒரு சின்ன மோட்டார் மூலம் த்ராட்டில் கதவைத் திறக்கும். டீசல் கார் என்றால், எவ்வளவு டீசலைப் பீய்ச்ச வேண்டும் என்று முடிவு செய்யும். எலெக்ட்ரிக் காரிலும் பெடல் இதே வேலையைத்தான் செய்கிறது. அங்கே கட்டளை மோட்டாருக்குப் போகும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் ஒரே சென்சாரை நம்புவதில்லை. ஒரு பெடலுக்குள் இரண்டு சென்சார்கள். பல கார்களில் பெடலுக்கு 6 வயர்கள் வரும். இரண்டு 5 வோல்ட் சப்ளை, இரண்டு எர்த், இரண்டு சிக்னல். பல மாடல்களில் முதல் சென்சார் காட்டும் வோல்டேஜில் பாதியை இரண்டாவது காட்டும். முதலாவது 1.5 வோல்ட் என்றால் இரண்டாவது 0.75 வோல்ட். சில மாடல்களில் இரண்டும் ஒரே இடைவெளியில் சேர்ந்தே ஏறும்.

இந்தக் கணக்கை ஈசியூ இடைவிடாமல் சரிபார்க்கிறது. ஒரு வீட்டு வரவு செலவை இரண்டு பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிடுவது போலத்தான் இது. கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால், 'இவர் கால் உண்மையில் எவ்வளவு அழுத்துகிறது என்று எனக்குத் தெரியவில்லை' என்று ஈசியூ முடிவு செய்து வேகத்தைக் குறைத்துவிடும். ஒரு சென்சார் போனால் குறைந்த சக்தியில் ஓடும். இரண்டும் போனால் பெரும்பாலும் ஐடிலிங்கில் மட்டும் ஓடும்.

அதாவது, கார் நொண்டுவதே ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. தெரியாமல் பாய்வதைவிட, தெரியவில்லை என்று சொல்லி மெதுவாகப் போவது நல்லது அல்லவா?

முதலில் உயிர், அப்புறம் கார்

நெடுஞ்சாலையில் இப்படி ஆனால் பானெட்டைத் திறக்கும் வேலையெல்லாம் பிறகு.

* நான்கு இண்டிகேட்டர்களையும் போடுங்கள். இருக்கும் வேகத்திலேயே, பின்னால் பார்த்துக்கொண்டு இடது ஓரத்துக்கு, முடிந்தால் சாலையை விட்டே கீழே இறங்குங்கள்.
* எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு வெளியே போய் நில்லுங்கள். காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டாம்.
* எச்சரிக்கை முக்கோணத்தைக் காருக்குப் பின்னால் நன்கு தள்ளி வையுங்கள்.
* தேசிய நெடுஞ்சாலைகளில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

இக்னிஷனை அணைத்து, சில நிமிடங்கள் கழித்து ஸ்டார்ட் செய்தால் சில நேரம் கார் பழையபடி ஓடும். அதை நம்பி பெங்களூரு வரை போகக் கூடாது. பக்கத்து ஊரில் இருக்கும் ஒர்க்‌ஷாப் வரை ஓரமாகப் போவதற்கு மட்டுமே அது உதவும்.

கோடு சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

ஒர்க்‌ஷாப்பில் முதலில் ஸ்கேனர் போடுவார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் அது சொருகப்படும். சில நூறு ரூபாயில் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியை செல்போன் ஆப்புடன் இணைத்து, வீட்டிலேயேகூட கோடைப் படிக்க முடியும்.

பெடல் சென்சார் சம்பந்தமாக அடிக்கடி வருபவை இந்த 5 கோடுகள்தான்.

* பி2122: முதல் சென்சார் சிக்னல் மிகக் குறைவு.
* பி2123: முதல் சென்சார் சிக்னல் மிக அதிகம்.
* பி2127: இரண்டாவது சென்சார் சிக்னல் மிகக் குறைவு.
* பி2128: இரண்டாவது சென்சார் சிக்னல் மிக அதிகம்.
* பி2138: இரண்டு சிக்னல்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

இதில் எந்தக் கோடும் 'பெடலை மாற்று' என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். சிக்னல் குறைவு என்றால், 5 வோல்ட் சப்ளை வராமல் இருக்கலாம். சிக்னல் வயர் அறுந்தோ எர்த்தில் உரசியோ இருக்கலாம். சிக்னல் அதிகம் என்றால், எர்த் வயர் விட்டுப்போயிருக்கலாம். கோடு காட்டுவது ஒரு தெருவை. எந்த வீடு என்று தேடிக் கண்டுபிடிப்பது மெக்கானிக்கின் வேலை.

இரண்டு சென்சார்களின் கோடுகளும் ஒரே நேரத்தில் வந்தால், இரண்டு சென்சார்களும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாளில் செத்துவிட்டன என்று நினைப்பதைவிட, இரண்டுக்கும் பொதுவான கப்ளர் தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

இன்னொன்று. கோடை அழிப்பதற்கு முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோடு பதிவான நேரத்தில் கார் எந்த வேகத்தில் போனது, ஆர்பிஎம் எவ்வளவு என்ற விவரமும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். விட்டு விட்டு வரும் பழுதைப் பிடிக்க அதுதான் துப்பு. அழித்துவிட்டால் துப்பும் போய்விடும்.

செலவில்லாத சோதனைகள் முதலில்

நல்ல மெக்கானிக் உடனே பெடலைக் கழற்ற மாட்டார். அவர் போகும் வரிசை இப்படித்தான் இருக்கும்.

1. மேட்: பெடலுக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட்கள், விளிம்பு தூக்கி நிற்கும் தடித்த 7டி மேட், உருண்டு வந்த தண்ணீர் பாட்டில் - இவற்றில் எது இருந்தாலும் பெடல் முழுதாக இறங்காது, அல்லது முழுதாக மேலே வராது.

2. இடையில் சொருகிய பெட்டி: 'பிக்கப் கூடும்' என்று சொல்லி விற்கப்படும் த்ராட்டில் கன்ட்ரோலர் பெட்டிகள், பெடலுக்கும் வயரிங்குக்கும் நடுவில்தான் சொருகப்படுகின்றன. பெடல் சிக்னலை மாற்றி அனுப்புவதே அவற்றின் வேலை. அப்படி ஏதாவது இருந்தால் முதலில் கழற்றிவிட்டு, ஒரிஜினல் கப்ளரை நேரடியாக இணைத்துப் பாருங்கள்.

3. பேட்டரி: டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறதா? பேட்டரி இறங்கியிருந்தால் சம்பந்தமே இல்லாத கோடுகள் எல்லாம் வரும்.

4. பிரேக் லைட்: பிரேக்கை மிதித்தால் எரிந்து, விட்டால் அணைகிறதா? கால் எடுத்த பிறகும் எரிந்தால் பிரேக் சுவிட்ச் கோளாறு. பிரேக் மிதிக்கப்பட்டிருப்பதாக நினைத்து, ஆக்சிலரேட்டர் கட்டளையை ஈசியூ குறைத்துக்கொள்ளும் கார்கள் உண்டு. விலை குறைந்த சுவிட்சுக்காகப் பெடலை மாற்றக் கூடாது.

5. கப்ளர்: இக்னிஷனை அணைத்துவிட்டு, பெடலுக்கு மேலே இருக்கும் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். பின் வளைந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா, ஈரம் இருக்கிறதா? பூட்டு உடைந்து தளர்ந்திருக்கிறதா? பக்கத்தில் மஞ்சள் நிறக் கப்ளர் இருந்தால் கை வைக்க வேண்டாம். அது ஏர்பேக்குக்கானது.

6. எலி: நம் ஊர்க் கார்களின் பெரிய எதிரி. சில நாள்கள் ஒரே இடத்தில் நிற்கும் காரில் வயரைக் கடித்து வைத்துவிடும். முழுதாக அறுக்காமல், மேல்தோலை மட்டும் கடித்திருந்தால்தான் வம்பு. குழியில் ஏறி இறங்கும்போது மட்டும் உரசி, லைட் எரிந்து அணையும்.

அளந்து பார்த்தால் உண்மை தெரியும்

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால், அடுத்தது அளவு. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் 'லைவ் டேட்டா' பகுதிக்குப் போக வேண்டும். பெடலின் இரண்டு அளவுகளும் அங்கே தெரியும்.

பெடலை மிக மெதுவாக, ஆமை வேகத்தில் கீழே வரை அழுத்தி, அதே போல் விட வேண்டும். எண்கள் படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கினால் சென்சார் நன்றாக இருக்கிறது. நடுவில் எங்காவது எண் குதித்தால், திடீரெனப் பூஜ்யத்துக்கு விழுந்தால், அல்லது பெடல் நகர்ந்தும் எண் அசையாமல் நின்றால் அங்கேதான் பழுது.

பழைய வகைப் பெடல்களில் சென்சாருக்குள் கார்பன் டிராக் இருக்கும். வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் தேய்வது போல அது தேயும். ஊருக்குள் ஓட்டும்போது நாம் அதிகம் பயன்படுத்துவது பெடலின் முதல் கால் பகுதியைத்தான். அதனால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தேயும். சிக்னலிலும் சுங்கச்சாவடியிலும் நின்று கிளம்பும்போது கார் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். புதிய வகைப் பெடல்களில் காந்தத்தை வைத்து அளக்கும் ஹால் சென்சார் இருக்கிறது. அதில் உரசல் இல்லை, எனவே தேய்மானமும் இல்லை. அப்படிப்பட்ட பெடலில் கோடு வந்தால் வயரிங் மீதுதான் முதல் சந்தேகம் விழ வேண்டும்.

பெடலை அசைக்காமல், வயரையும் கப்ளரையும் லேசாக ஆட்டிப் பார்ப்பதும் முக்கியம். கால் அசையாதபோது ஸ்கேனரில் எண் ஆடினால், குற்றவாளி பெடல் இல்லை.

மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகிவிடும். கப்ளர் சொருகியபடி இருக்க, பின்பக்கத்திலிருந்து மெல்லிய முனையால் தொட்டு அளக்க வேண்டும். வயரில் ஊசியைக் குத்தி ஓட்டை போடக் கூடாது. ஓட்டை வழியாக ஈரம் இறங்கி, ஆறு மாதத்தில் இன்னொரு பழுது வரும். சப்ளை வயர்களில் 5 வோல்ட் வருகிறதா? எர்த் வயரில் ஏறக்குறைய பூஜ்யம் காட்டுகிறதா? இரண்டும் சரியாக இருந்து சிக்னல் மட்டும் தவறு என்றால், அப்போதுதான் பெடல் மீது குற்றம் சாட்டலாம்.

5 வோல்ட் வரவில்லை என்றாலும் உடனே ஈசியூவைச் சந்தேகப்பட வேண்டாம். பல கார்களில் ஒரே 5 வோல்ட் சப்ளையை வேறு சென்சார்களும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எங்கோ இருக்கும் ஏசி பிரஷர் சென்சார் ஷார்ட் ஆனால்கூட பெடலின் சப்ளை விழலாம். அந்தச் சென்சார்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் காரணம்.

உலகமே தேடிய பெடல் கோளாறு

அளக்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு உலக அளவில் பெரிய சாட்சி டொயோட்டா விவகாரம்.

2009 ஆகஸ்ட் 28 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ அருகே லெக்ஸஸ் கார் ஒன்று கட்டுக்கடங்காமல் பாய்ந்து, அதிலிருந்த 4 பேரும் இறந்தார்கள். காரில் போடப்பட்டிருந்தது வேறு மாடலுக்கான தடித்த மேட் என்பதும், அதில் பெடல் சிக்கியதும் விசாரணையில் தெரியவந்தது. 2010 ஜனவரியில், பெடல் மேலே வராமல் ஒட்டிக்கொள்ளும் குறைக்காக அமெரிக்காவில் மட்டும் சுமார் 23 லட்சம் கார்களை அந்த நிறுவனம் திரும்ப அழைத்தது. அடுத்த மாதம் நிறுவனத்தின் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நேரில் வந்து பதில் சொன்னார்.

மேட், ஒட்டும் பெடல் இரண்டும் போக, எலெக்ட்ரானிக்ஸிலும் கோளாறு இருக்குமோ என்று சந்தேகம் எழுந்தது. அதை ஆராய விண்வெளி நிறுவனமான நாசாவின் பொறியாளர்களையே அழைத்தார்கள். 2011 பிப்ரவரியில் வந்த அறிக்கை, கார் தானாகப் பாயும் அளவுக்கு த்ராட்டிலைத் திறக்கும் எலெக்ட்ரானிக் குறை எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றது. ஆனால், பழுதான பழைய வகைப் பெடல் ஒன்றின் சென்சாருக்குள், வெள்ளீயத்திலிருந்து தானாக வளர்ந்த மயிரிழை போன்ற ஒரு கம்பி, இரண்டு சிக்னல்களுக்கும் நடுவே ஷார்ட் ஆகியிருந்ததை நாசா கண்டுபிடித்தது. கண்ணுக்கே சரியாகத் தெரியாத இழை அது!

விவாதம் அதோடு முடியவில்லை. 2013 அக்டோபரில் ஒக்லஹோமாவில் ஒரு ஜூரி, மென்பொருள் குறை பற்றிய நிபுணர் சாட்சியைக் கேட்ட பிறகு டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2014 மார்ச்சில், பாதுகாப்புக் குறைகள் பற்றி வாடிக்கையாளர்களுக்குத் தவறான தகவல் தந்த வழக்கில் 120 கோடி டாலர் செலுத்த அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

'பெடல் கோளாறு' என்ற ஒரே பெயருக்குள் மேட், தேய்ந்த பாகம், மயிரிழை, மென்பொருள் என்று இத்தனை சந்தேகங்கள் ஒளிந்திருந்தன. மேட் பிரச்னைக்குச் சென்சாரை மாற்றினாலும், சென்சார் பிரச்னைக்கு மேட்டை மாற்றினாலும் பலன் ஒன்றுதான்: பூஜ்யம்.

கார் பாய்ந்தால் என்ன செய்வது?

சென்சார் பழுதானால் கார் பெரும்பாலும் மெதுவாகத்தான் போகும். பாய்வதற்கு வாய்ப்பு அதிகம் உள்ளது பெடல் எதிலாவது சிக்கும்போதும், பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும்தான். அப்போது செய்ய வேண்டியவை:

* பிரேக்கை ஒரே மூச்சில், முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும்.
* மேனுவல் கார் என்றால் கிளட்ச். ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரல். இன்ஜின் அலறட்டும், பரவாயில்லை.
* ஓடும்போது சாவியை உருவ வேண்டாம். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். கார் நின்ற பிறகு அணையுங்கள்.

வீட்டில் ஓட்டத் தெரிந்த எல்லோரும், அப்பா, அம்மா, புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளை உட்பட, இதை ஒருமுறை பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பில் போடும் முன் கேட்க வேண்டியவை

பெடலை மாற்றத்தான் வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன கோடு வந்தது? 5 வோல்ட்டும் எர்த்தும் சரியாக இருக்கின்றனவா? மெதுவாக மிதித்தபோது லைவ் டேட்டாவில் எங்கே குதித்தது? இதையெல்லாம் ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். சரியாக அளந்த மெக்கானிக்குக் கோபம் வராது. மகிழ்ச்சியாக ஸ்கேனரைத் திருப்பிக் காட்டுவார்.

மாற்றிய பிறகு பழைய பெடலைக் கேட்டு வாங்குங்கள். சில மாடல்களில் புதிய பெடலின் ஆரம்ப நிலையை ஈசியூவுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையும் உண்டு. அதைச் செய்தார்களா என்று விசாரியுங்கள். சென்சாருக்குள் ஆயில் ஸ்பிரே அடிப்பது, பெடலைப் பிரித்து ஒட்டுவது போன்ற வைத்தியங்கள் வேண்டவே வேண்டாம். வாரன்ட்டியில் இருக்கும் கார் என்றால், வயரை யாரும் தொடுவதற்கு முன் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவதே சரி.

பழைய கார் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் போனது. 2015-லும் 2023-லும் சென்னையில் கார்கள் மிதந்தன. தண்ணீரில் நின்ற காருக்குப் புது பெயின்ட், புது சீட் கவர் போட்டுவிடலாம். கப்ளருக்குள் பூத்த பச்சையை மறைப்பது கஷ்டம். வாங்கும் முன் டிரைவர் பக்கக் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். பிறகு இக்னிஷனை ஆன் செய்து, பெடலை மெதுவாக மிதித்து லைவ் டேட்டாவைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான் அது. குடும்பத்தோடு நெடுஞ்சாலை ஏறப்போகும் காருக்கு அந்த ஐந்து நிமிடத்தைத் தாராளமாகச் செலவழிக்கலாம்!